சந்தைக்கு அடித்தளம் அறம்: தராசடியில் கற்ற பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "நீங்க வியாபாரி. சமண நூல்களும் படிச்சவர். ரெண்டையும் சேர்த்து ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். நான் பட்டம் பெற்ற அறிஞன் அல்லன். வந்தவாசி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நயினார் குடும்பத்தில் பிறந்து, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, 1979-இல் தாதர் ரயில் நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன். மாட்டுங்காவில் உறவினர் கடையில் ஏழு ஆண்டுகள் மூட்டை தூக்கினேன். பின்பு தாராவியில் சொந்தமாக அரிசிக்கடை வைத்தேன். இன்று செம்பூரில் பிள்ளைகளோடு இருக்கிறேன். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு படித்ததுதான். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: சந்தைப் பொருளாதாரத்துக்கு அறம் தேவையா? 1991-இல் தாராளமயக் கொள்கை வந்த நாள் முதல் 'மார்க்கெட்' என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஒரு சாரார் சந்தை என்றாலே பேராசை என்கிறார்கள். இன்னொரு சாரார், இலாப நோக்கு ஒன்றே போதும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நம்மவரிடையே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நான் கடை வைத்த புதிதில் ஒரு பெரியவர் எனக்கு உபதேசம் செய்தார்: "தம்பி, சம்பாதிக்கிறப்ப ரொம்பக் கணக்குப் பாக்காதே. குடுக்கிறப்பவும் கணக்குப் பாக்காதே. ரெண்டும் நேராயிடும்." அதாவது, வந்த வழி எப்படியிருந்தாலும், கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது அவர் கட்சி. இந்த மூன்றும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. அறத்துக்கு இடம் கடைக்கு வெளியே என்பதே அது. அது தவறு என்பதை எனக்குக் காட்டியது ஒரு மூட்டை அரிசி.

ஒரு மூட்டை அரிசி

தாராவியின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் நடக்காத தொழில் இல்லை. அவற்றுள் தமிழர் கைவசம் உள்ள முக்கியமான தொழில் இட்லி. விடியுமுன்னே பெரிய பாத்திரங்களில் அவித்து, சைக்கிளிலும் தலையிலும் வைத்து மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்பார்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒரு முதியவள் என்னிடம் இட்லி அரிசி வாங்குவாள். நான் அவளை ஆச்சி என்பேன். தாராவி வழக்கப்படி வடாற்காட்டுக்காரனான என்னையும் எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். ஆச்சி மட்டும் 'எய்யா' என்பாள்.

1988 ஆகஸ்டு. கடும் மழை. ஆரணியிலிருந்து வர வேண்டிய லாரி வரவில்லை. கடையில் பழைய அரிசி பாதி மூட்டைதான் மிச்சம். சொர்ணவாரி அறுவடைப் புது அரிசி மலிவாகக் கிடைத்தது. இட்லிக்குப் பழைய புழுங்கலரிசிதான் வேண்டும். புது அரிசி களிபோல் ஒட்டும். தெரிந்தும் நாலில் ஒரு பங்கு கலந்தேன். நிறமும் அளவும் ஒன்றேபோல இருந்தன. விலை மட்டும் பழைய அரிசி விலை.

நாலு நாள் கழித்து ஆச்சி வந்தாள். சண்டைக்கு வரவில்லை.

"எய்யா, இட்லி களியா வருதுய்யா. அரிசி ஏதும் மாறிப்போச்சா?"

"மழை ஆச்சி. மாவு சரியாப் பொங்கியிருக்காது" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும். வயசாச்சுல்லா, கைப்பக்குவம் போயிட்டு போலிருக்கு."

என்னை ஒரு சொல் சந்தேகப்படாமல், தன் கையையே குறைசொல்லிக்கொண்டு போனாள். அவளிடம் அன்றாடம் இட்லி வாங்கிய ஒரு கேண்டீன் அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த வாரம் லாரி வந்தது, கலக்காத அரிசியே கொடுத்தேன், இட்லியும் சரியாயிற்று. கேண்டீன் திரும்ப வரவில்லை. அந்த ஆண்டு நான் ஊர் ஜினாலயத் திருப்பணிக்கு என் சக்திக்கு மீறியே கொடுத்திருந்தேன். பெரியவர் சொன்னபடி கணக்கு நேராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கொடுத்தது கோயிலுக்கு, எடுத்தது ஆச்சியிடம். வரவு ஒருவர் பெயரில், பற்று இன்னொருவர் பெயரில் எழுதினால் எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்வான்?

நூல் கூறும் ஐந்து விலக்குகள்

இல்லறத்தாருக்குச் சமணம் ஐந்து அணுவிரதங்களை விதிக்கிறது: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருளுக்கு வரம்பு கட்டுதல். விரதம் எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. அது எங்கெங்கே ஓட்டை விழும் என்பதையும் நூல்கள் பட்டியலிடுகின்றன. இதற்கு அதிசாரம் என்று பெயர். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்திலும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. பின்னதைத் தழுவித் தமிழில் 180 குறட்பாக்களாக எழுந்த நூல் அருங்கலச்செப்பு. சிறுவயதில் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டபோது, திருடனுக்குச் சொன்ன பட்டியல் என்று நினைத்தேன். வியாபாரம் செய்த பிறகுதான் அது வியாபாரிக்குச் சொன்ன பட்டியல் என்று விளங்கியது.

முதலாவது, திருடத் தூண்டுதல். தான் கை நீட்டாமல் பிறரை நீட்ட வைப்பது. கடைப் பையனுக்கு வயிற்றுக்குப் போதாத சம்பளம் கொடுத்து, "எடையில பாத்துக்கோ" என்று கண் காட்டும் முதலாளி இதில் அடங்குவார். மாத இலக்கு என்று ஒன்றைத் தலையில் கட்டி, வைப்புநிதி போட வந்த முதியவருக்குக் காப்பீட்டுப் பாலிசியை விற்கும் நிலைக்கு ஊழியரைத் தள்ளுவோரும் இதில் அடங்குவர்.

இரண்டாவது, திருட்டுப் பொருளை வாங்குதல். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாதி விலைக்கு ஒருவன் அரிசி மூட்டை கொண்டுவந்தால், அது ரேஷன் அரிசி என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். பழைய சாமான்களைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தாராவி 13-ஆம் காம்பவுண்டில் யோக்கியமான வியாபாரிகள், பளபளக்கும் செம்புக் கம்பியைக் கொண்டுவருபவனிடம் "எங்கேருந்து வந்தது?" என்று கேட்பார்கள். கேட்காமல் வாங்குவது மலிவு. அந்த மலிவுதான் குற்றம்.

மூன்றாவது, அரசின் நெறியை மீறுதல், அல்லது அரசு குலைந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுதல். நாட்டில் குழப்பம் நிலவும்போது விலையுயர்ந்த பொருள் அற்ப விலைக்குக் கிடைக்கும் என்று முயல்வதையே இது குறிக்கும் எனப் பூஜ்யபாதர் தம் உரையில் விளக்குகிறார். இதைப் படித்தபோது எனக்கு 1993 ஜனவரிதான் நினைவுக்கு வந்தது. கலவர நாட்களில் தாராவியை விட்டு ஊருக்கு ரயிலேறியவர்கள் பீரோ, கிரைண்டர், கடைச் சாவி என்று வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கடைக்கு எதிரே ஒரு மாவு மில் அப்படித்தான் கை மாறியது. வாங்கியவர் சட்டப்படி ஒரு தவறும் செய்யவில்லை. பணம் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார். ஆனால் விற்றவர் கை போட்ட கையெழுத்தை, பயமே பிடித்துப் போடவைத்தது. தாராவி மறுசீரமைப்புப் பேச்சு வீடுதோறும் நடக்கும் இந்நாளிலும் இந்த மூன்றாம் விலக்கை நாம் மறக்கலாகாது.

நான்காவது, வாங்க ஒரு அளவு, விற்க ஒரு அளவு வைத்திருத்தல். படி, மரக்கால் போன்ற முகத்தல் அளவையும், தராசு போன்ற நிறுத்தல் அளவையும் இரண்டையுமே நூல் சேர்த்துச் சொல்கிறது. தட்டின் அடியில் புளி உருண்டை ஒட்டும் பழைய வித்தையும் இதில் சேரும். பெட்ரோல் பம்பில் மீட்டரைத் திருத்தும் புதிய வித்தையும் சேரும்.

ஐந்தாவது, ஒன்றைப் போன்ற இன்னொன்றைக் காட்டி விற்றல். சமந்தபத்திரர் இதை இன்னும் கூர்மையாக, ஒத்ததோடு ஒத்ததைக் கலத்தல் என்கிறார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே என் அரிசி மூட்டையை அவர் பார்த்துவிட்டார்!

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, இலாபம் கூடாது என்று எங்கும் இல்லை. தானம் செய் என்பதும் இந்த இடத்தில் இல்லை. இரண்டு, இவற்றில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரை உள்ளவை பெரும்பாலும் எதிராளியின் சம்மதத்தோடு நடப்பவை. ஆச்சி தானாக வந்து, தானாகப் பணம் கொடுத்துத்தான் வாங்கினாள். அப்படியிருக்க, நூல் ஏன் இதைத் திருட்டு என்கிறது? விடை எளிது. சந்தை என்பதே சம்மதத்தின் பேரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். கத்தி காட்டி வாங்கினால் அது கொள்ளை. சம்மதித்து வாங்கினால் அது வியாபாரம். அந்தச் சம்மதம் அறியாமையிலோ பயத்திலோ பிறந்ததென்றால், அது சம்மதம் ஆகாது. சம்மதம் இல்லாமல் எடுத்தது களவு. ஆக, கள்ளாமை என்பது சந்தைக்கு மேலே பூசிய வண்ணம் அன்று. சந்தையைச் சந்தையாக்குவதே அதுதான்.

தமிழ் வணிகர் கண்ட நெறி

இது வடமொழி நூல்களில் மட்டும் உள்ள செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். மதுரைக்கு அருகில் மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் கருத்து. அவற்றில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், சமணத் துறவியருக்குச் செய்த கொடை பதிவாகியுள்ளது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், கலப்பைக் கொழு விற்ற வணிகன் எல்லாம் பெயரோடு வருகிறார்கள். புகழூரில் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் காட்சி தருகிறான். தமிழ் மண்ணில் எழுத்து தோன்றிய காலத்திலேயே வணிகரும் அறவோரும் ஒரே பாறையில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பழிக்கு அஞ்சி, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகக் கருதி, வாங்கும்போது மிகையாக வாங்காமலும் விற்கும்போது குறைத்துக் கொடாமலும் இருந்ததைப் பாடுகிறார். மேலே சொன்ன நான்காம் விலக்கு அப்படியே இருக்கிறது பாருங்கள். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் 118-ஆம் குறளில் துலாக்கோலை உவமையாக்கிவிட்டு, 120-ஆம் குறளில் வணிகனைக் கொண்டு அதிகாரத்தையே முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகனுக்கு வணிகம் என்பது அதன் கருத்து. நீதி சொல்லும் அதிகாரத்தின் கடைசி இடம் அரசனுக்கு இல்லை, நமக்கு!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், அளக்கும் மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே சூட்டியிருப்பதைக் காணலாம். சுமத்திரா தீவின் பாரூசில் கிடைத்த கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கடல் கடந்த இடத்திலும் தமக்குள் கட்டண விதி வகுத்துக்கொண்டு தொழில் செய்ததைக் காட்டுகிறது. அரசனின் கை எட்டாத இடத்தில், தாமே தமக்கு இட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான் அவர்களுக்கு முதல்.

சிலம்பு விற்கப் போனவன்

சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் கதை, ஊழின் கதை என்றெல்லாம் படிக்கிறோம். ஒரு வியாபாரியாக நான் படித்தபோது, அது ஒரு விற்பனை கெட்டுப்போன கதையாகவும் தோன்றியது. கோவலன் யார்? சொந்த ஊரில் கைப்பொருளை இழந்து, மனைவியின் நகையை விற்று முதலாக்கிப் புது ஊரில் பிழைக்க வந்தவன். மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கதை இல்லாத வீடு எது? என் மாமியார் கொடுத்த சங்கிலியில்தான் என் கடையின் முதல் மூட்டை வந்தது.

கோவலன் புது ஊரில் ஒரு பொற்கொல்லனை நம்புகிறான். பொருளைப் பற்றித் தெரிந்தவன் பொற்கொல்லன். ஊரைப் பற்றித் தெரியாதவன் கோவலன். தெரிந்தவன் தெரியாதவனைப் பலியிடுகிறான். அரசன், ஒத்த உருவமுள்ள இரண்டு சிலம்பில் எது யாருடையது என்று சோதிக்காமல் தண்டித்துவிடுகிறான். உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி ஆகாது. ஆனால் அது காலம் கடந்துதான் நடந்தது. ஒன்றைப் போன்ற ஒன்று என்ற ஐந்தாம் விலக்கே அங்கே ஒரு நகரத்தை எரித்தது. சமணர் எனக் கருதப்படும் இளங்கோவடிகள் வணிகர் குலத்துக் கதையை ஏன் எடுத்தார் என்பது எனக்கு இப்படித்தான் விளங்குகிறது. இன்று விற்கும் தங்க நகையில் ஆறு இலக்க அடையாளக் குறி 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது. கோவலன் கையில் அப்படியொரு குறி இருந்திருக்கக் கூடாதா என்று நகைக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மேனாட்டு அறிஞர் சொல்வது

சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். 1776-இல் வெளிவந்த அவரது 'நாடுகளின் செல்வம்' நூலைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1759-இல், அற உணர்ச்சிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில், பிறருக்கு உபகாரம் செய்வது கட்டடத்தின் அலங்காரம் போன்றது, நீதியோ அதைத் தாங்கும் தூண் என்று சொல்கிறார். தூண் சாய்ந்தால் கட்டடம் நிற்காது. அன்னதானம் அலங்காரம், சரியான எடை தூண். எனக்கு உபதேசித்த பெரியவர் தூணை எடுத்துவிட்டு அலங்காரத்தைக் கூட்டச் சொன்னார்.

இன்னொருவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர். 1967-68-இல் இந்தியாவில் ஓராண்டு தங்கியிருந்தவர். 1970-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை அது. விற்பவனுக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாவற்றையும் சந்தேகித்துக் குறைந்த விலையே கேட்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான். நல்லது சந்தையை விட்டுப் போகும், கெட்டதே நிற்கும். அதே கட்டுரையில், நம் நாட்டுக் கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பெண்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். முறம் வைத்து நம் தாய்மார்கள் புடைத்த நேரமெல்லாம் நேர்மையின்மைக்கு நாடு கட்டிய வரி! ஏமாற்றுக்காரனால் வரும் நட்டம் ஏமாந்தவனோடு நிற்பதில்லை, நேர்மையான வியாபாரியையும் அது சந்தையிலிருந்து விரட்டுகிறது என்பதே அவர் காட்டும் முடிவு.

இதை நான் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே பட்டு அறிந்தேன். எங்கள் தசலட்சணப் பர்வம் முடிந்ததும், தீங்கிழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. க்ஷமாவணி என்பார்கள். 1988-இல் அந்த நாளில் ஆச்சியின் குடிசைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

"சொல்லிட்டியே, அது போதும்யா. ஆனா இனிமே ஒரு புடி எடுத்துக் கடிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். நீ கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து தொழிலை விடும்வரை, மூட்டையில் கை விட்டு, நாலு மணி எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் எடுப்பாள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அவளைப் பார்த்துப் பின்னால் நிற்பவர்களும் கடித்துப் பார்த்தார்கள். முன்பு "ஒரு மூட்டை போடு" என்ற ஒரு சொல்லில் முடிந்த வியாபாரம் அது. மூட்டை ஒன்றுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், ஆண்டுக்கணக்கில் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தேன்.

சட்டம் போதாதா?

சட்டம் வேண்டும். அதில் ஐயமில்லை. பழைய இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; அதில் ஒரு குழி இருக்கும், குழியில் ஈயம் ஊற்றி அரசு முத்திரை குத்தியிருப்பார்கள். 1956-இன் எடை அளவுச் சட்டம் முதல் இன்றுள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த முத்திரை நம்மைக் காத்து வருகிறது. அந்த ஈயத்துண்டு இல்லாவிட்டால் தெரியாத ஊரில் ஒரு கிலோ உப்புக்கூட நம்பி வாங்க முடியாது. ஆனால் முத்திரை கல்லில்தான் இருக்கிறது, கையில் இல்லை.

மாட்டுங்காவின் காப்பித்தூள் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். "சிக்கரி எவ்வளவு போடணும்?" என்று கேட்டுத்தான் அரைப்பார்கள். எண்பதுக்கு இருபது என்று நாம் சொல்வோம். அதுவும் கலப்படம்தானே? இல்லை. சொல்லிக் கலந்தால் கலவை. சொல்லாமல் கலந்தால் கலப்படம். பொருள் அதேதான், நடுவில் இருப்பது ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்ல வைக்க ஒவ்வொரு கடையிலும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த அரசாலும் முடியாது.

சட்டம் வந்து சேரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி தடை விதித்தபோது, முதலில் ஒருவர் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். ஒரே குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடனைப் போலிக் கணக்குகளால் மறைத்திருந்ததாகப் பின்னர் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டது. தணிக்கை இருந்தது, சட்டமும் இருந்தது. வைப்புக் காப்பீடு 1 இலட்சத்திலிருந்து 5 இலட்சமாக உயர்ந்ததும் (2020 பிப்ரவரி), அவ்வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததும் (2022 ஜனவரி) பிறகு நடந்தவை. நடுவில் மருந்துக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் கையேந்தி நின்ற முதியவர்களை மும்பைவாசிகள் நாம் பார்த்தோம்.

என் பேரன் கேட்கிறான்: "தாத்தா, இப்பதான் எல்லாத்துக்கும் ரிவியூ இருக்கே. ஸ்டார் பாத்து வாங்கினாப் போச்சு. இதுல நேர்மை எதுக்கு?" அந்த ரிவியூவையே காசுக்கு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்களே! அதனால்தான் 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கே ஒரு தர விதி கொண்டுவந்தது. சோதிக்கிறவனைச் சோதிக்க ஆள், அவனைச் சோதிக்க இன்னோர் ஆள் என்று போனால், எங்கோ ஓரிடத்தில் யாராவது ஒருவர் யாரும் பார்க்காதபோதும் சரியாக நடந்துகொள்பவராக இருந்தே ஆகவேண்டும். சந்தை நிற்பது அந்த ஒருவர் மேல்தான்.

ஐந்தும் எட்டாத ஓரிடம்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாராவியின் பழந்தொழில்களில் ஒன்று தோல். நம் நெல்லைத் தமிழர் பலர் அந்தத் தொழிலில் உழைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். கொல்லாமை விரதத்தால் தோல் வியாபாரத்தை நான் தொட மாட்டேன். ஆனால் தோல் பதனிடுவோர் என் கடையில் பற்று வைத்து அரிசி வாங்கினார்கள். கூலி கிடைத்த சனிக்கிழமையே, கைநாற்றம் போகுமுன்பே, கடனைக் கொண்டுவந்து அடைத்தார்கள். வெள்ளை வேட்டியோடு வந்து மாதக்கணக்கில் இழுத்தடித்தவர்களும் உண்டு. சுத்தமான தொழில் செய்கிறேன் என்ற பெருமையில் இருந்த எனக்கு, அவர்களுடைய சனிக்கிழமை ஒரு பாடம். விரதம் என் கையைக் கட்டுவதற்குத்தான். இன்னொருவர் கையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு அன்று.

அதேபோல், கள்ளாமையை முழுதாகக் கடைப்பிடித்தும் ஒருவர் ஊரையே வளைத்துவிட முடியும். அதற்குத்தான் ஐந்தாம் அணுவிரதம்: இவ்வளவு போதும் என்று பொருளுக்குத் தானே ஒரு வரம்பு போட்டுக்கொள்வது. நான் இரண்டு கடைக்கு மேல் வைப்பதில்லை என்று 2001-இல் விரதம் எடுத்தேன். வரம்பு எங்கே என்பது அவரவர் மனம் அறிந்தது. வரம்பே இல்லாத ஆசைக்குத்தான் புது அரிசியும் பழைய அரிசியாகத் தெரியும்.

முடிவாக

இம்மலரைப் படிக்கும் எல்லோரும் கடைக்காரர்கள் அல்லர். ஆனால் மென்பொருள் எழுதுபவர், வங்கியில் இருப்பவர், மருத்துவர், ஆசிரியர் எல்லோரும் எதையோ விற்கிறோம். எதிரே இருப்பவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து விலக்குகளையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: எனக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்கும் தெரிந்திருந்தால், இதே விலைக்கு இதை இவர் வாங்குவாரா? வாங்குவார் என்றால் அது வியாபாரம். மாட்டார் என்றால், அதற்கு நூல் வைத்த பெயர் வேறு. கோயிலுக்கும் சங்கத்துக்கும் கொடுப்போம், தாராளமாகக் கொடுப்போம். ஆனால் அது இதற்கு ஈடாகாது.

ஆச்சி தொழிலை மருமகளிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். மருமகள் முதல்முறை கடைக்கு வந்தபோது பார்க்காமலே பணத்தை நீட்டியது. நான்தான் மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து அதன் கையில் வைத்தேன். "கடிச்சுப் பாத்து வாங்கும்மா" என்றேன்.

அறவழி நின்று பொருள் ஈட்டுவோம். மும்பைத் தமிழர் வாழ்வு செழிக்கட்டும்.